மூச்ச விடலாம்

வேட்டிய ரெண்டா மடிச்சு ஜன்னல்ல போட்டா வெளிச்சம் செத்துப் போகுது, ஒத்தையா விட்டா முகத்துல அப்படியே அறையுது, ஒன்றரையா மடிக்கதுக்கு எந்த ஊருல வேட்டி நெய்யுதான்னு தெரியல, சரி கெடக்கட்டும், மேல பாதிய மட்டும் மடிச்சு கிளிப்பு மாட்டிருவோம், கீழ ஒத்தையா தொங்கட்டும். மணி பத்து அஞ்சு. பதினோரு மணிக்கு மேல சூரியன் ஏறிரும், இந்த ஜன்னல்ல வெளிச்சம் நிக்காது. போன மாசம் ஆசை ஆசையா வாங்கின லைட்டு, வெள்ளைக் குடை வச்சது, அந்தா மூலைல சாத்திக் கெடக்கு. இன்னைக்கு சனிக்கிழமை, மாசாந்திரப் பராமரிப்பு, காலைல ஒம்பதுலேர்ந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் பாளையங்கோட்டை பூரா கரண்ட் கெடையாது. எனக்குன்னே பாத்து வைப்பானுவ. நாலு மாசமா போன்ல போர்ட்ரெய்ட் வகுப்பு படிச்சது இந்த ஒரு மணி நேரத்துக்குத்தான், எம்மருமக வயசுல இருக்க மிர்னா சொல்லித்தாரா, "மேடம், லைட்ட முகத்துல ஊத்தாதீங்க, தடவுங்க"ன்னு. தடவலாம்மா, தடவ ஆளு உக்காரணும்லா. இத்தனை நாளா எனக்கு உக்காந்தது உரிச்ச தேங்காதான். மூணு கண்ணும் ஒரு குடுமியும் இருக்குல்லா, அப்போ அது முகம்தான. அத ஸ்டூல்ல வச்சு, முன்னால இருந்து ஒரு படம், பக்கத்துல இருந்து ஒரு படம், மேல இருந்து ஒரு படம், நிழல் எங்க விழுது, எங்க உருளுதுன்னு நோட்டுல எழுதி, பொறவு அதையே ஒடச்சு சட்னி அரைச்சு, இப்படி எத்தனையோ முகத்த நாங்க ரெண்டு பேரும் தின்னு தீத்தாச்சு. இன்னைக்குத்தான் நிசமான முகம் வருது. குளியலறைல தண்ணி சத்தம் நின்னாச்சு. எனக்கு ஏன் இப்படி கை வேர்க்கு.

வேர்க்காம என்ன செய்யும். இருபத்தொம்பது வருசமா எக்ஸ்ரே ரூம்ல நிக்கவளுக்கு படம் எடுக்கது புதுசா. ஒரு நாளைக்கு அறுபது நெஞ்சு, இருபது முட்டி, நாலு மண்டை. ஆனா அங்க வெளிச்சம் உள்ள போயி வெளிய வந்துரும், தோலப் பத்தி அதுக்குக் கவலை இல்ல, முகம்னு ஒண்ணு இருக்கதே அந்த மெசினுக்குத் தெரியாது. இங்க எல்லாமே தோலு. தோலுக்கு மேல நிக்க வெளிச்சத்த வச்சு உள்ள இருக்க ஆளக் காட்டணுமாம், மிர்னா சொல்லுதா, எனக்கு உள்ள இருக்க ஆளத் தெரியும், அவரு ஏழாவது விலா எலும்புல கபடி ஆடி ஒடஞ்ச கோடு வரைக்கும் தெரியும், ஆனா முகம் கணக்குல வரமாட்டேங்கு. அவருன்னா எங்க வீட்டுக்காரரு, ஆசீர்வாதம், ஊரு பூரா பீட்டி சாரு. வர்ற வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துல பணி நிறைவு விழா. முப்பத்திரெண்டு வருசம் கிரவுண்டுல நின்ன மனுசன். வாசல்ல ஃபிளக்ஸ் வைக்கணும், மேடைக்குப் பின்னால பெரிய ஃபிளக்ஸ் வைக்கணும், ரெண்டுலயும் சாரு படம் வேணும், சனிக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள வாட்சப்புல அனுப்புங்க டீச்சர்னு ஸ்டாஃப் செக்ரட்டரி போன வாரத்துலேர்ந்து கேக்காரு, நான் டீச்சரே இல்ல, இருந்தாலும் அவருக்கு எல்லாரும் டீச்சர்தான். படம் வரலேன்னா அவங்க கைல ஒரு பழைய படம் இருக்கு. பதினஞ்சு வருசத்துக்கு முந்துனது, கருகருன்னு மீசை, கழுத்துல விசிலு. ஆறாங் கிளாஸ் பிள்ளைகளுக்கு அந்த மீசைக்காரன் யாருன்னே தெரியாது. இவரு என்னடான்னா, அந்தப் படத்தப் போட்டாங்கன்னா நான் அன்னைக்கு ஊருலயே இருக்க மாட்டேன், பெங்களூருக்கு மக வீட்டுக்குப் போயிருவேன், ஃபிளக்ஸுக்கே மாலை போட்டுக்கட்டும்னுட்டாரு. சரி, அப்ப நான் புதுசா எடுக்கேன்னேன். நேத்து சாப்புட்டு கை கழுவும்போது, "பத்து நிமிசம். அதுக்கு மேல உக்கார மாட்டேன்"னாரு. ரெண்டு வருசத்துல ஒரு கேமராவுக்கு முன்னால உக்காரச் சம்மதிச்சது இப்பத்தான். நான் சொதப்புனேன்னா மேடைல நாற்காலி சும்மா கெடக்கும். அம்புட்டுதான் விசயம்.

வந்துட்டாரு. வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட கரண்ட் இல்லாம மெத்தைக்கு அடில வச்சு அமுக்குன சட்டை, தலைய நனைச்சு சீவிருக்காரு, பவுடரு போட்டிருக்காரு, ஐயோ பவுடரு, ஜன்னல் வெளிச்சத்துல சுண்ணாம்பு அடிச்ச செவரு மாதிரி தெரியும், ஈரத் துணிய எடுத்து நீட்டுனேன், வாங்கித் தொடைச்சாரு. ஸ்டூல்ல உக்காரும்போதே வலது கன்னத்தை எனக்குக் காட்டித் திரும்பி உக்காந்தாச்சு. நான் சொல்லவே இல்ல. ரெண்டு வருசமா இந்த வீட்டுல எல்லாம் அப்படித்தான் மாறியிருக்கு. கட்டில்ல அவரு பக்கம் மாறுனாரு, சாப்பாட்டு மேசைல நாற்காலி மாறுச்சு, கோயில்ல பெஞ்சுல எனக்கு வலப்பக்கமா இருந்தவரு இடப்பக்கம் போனாரு, நடக்கும்போதுகூட நான் எந்தப் பக்கம் போனாலும் சுத்தி வந்து அவரு வலப்பக்கத்துல என்னைய வச்சுக்கிடுவாரு. அந்த இடது கன்னத்தை நான் நேரா பாத்தது எப்பன்னே ஞாபகம் இல்ல. முகவாதம். ஒரே நாளு ராத்திரில வந்தது. இடது பக்கம் வாய் கொஞ்சம் எறங்கி, அந்தக் கண்ணு முழுசா மூடாம, சிரிச்சா வாய் வலது பக்கமா இழுத்துக்கிட்டுப் போயி, மருந்து, கரண்ட் வச்சு ஒத்தடம், கண்ணாடி முன்னால பலூன் ஊதுறது, எல்லாம் செஞ்சு முக்கால்வாசி சரியாச்சு, மிச்சம் கால்வாசி நின்னுபோச்சு. அந்தக் கால்வாசியத்தான் நான் இப்ப நிழலுக்குள்ள அனுப்பணும். அதுக்குத்தான் ஜன்னல அவருக்கு வலப்பக்கமா வச்சு ஸ்டூலு போட்டது. வலப்பக்கம் வெளிச்சம் விழும், மூக்குத்தண்டோட நின்னுபோகும், இடப்பக்கம் பைய இருட்டுக்குள்ள போயிரும், பாக்கவங்க அது ஒரு ஸ்டைலுன்னு நெனைச்சுக்கிடுவாங்க. "கொஞ்சம் அந்தப் பக்கமா திரும்பிக்கிடுதியளா, நிழலு நல்லாருக்கும்"னு நான் மெதுவா, பூவ எடுத்து வைக்க மாதிரி சொல்லுதேன். அவரு ஒரு செகண்டு என்னையப் பாத்துட்டுத் திரும்பிக்கிட்டாரு.

பட்டன அமுக்கப் போறதுக்கு முந்தி என் வாயி தன்னால, "மூச்ச நல்லா இழுங்க, பிடிங்க, அசையக் கூடாது"ன்னுட்டு. இருபத்தொம்பது வருசத்துப் பழக்கம், நாக்குல தழும்பேறிக் கெடக்கு. அவரும் இழுத்துப் பிடிச்சுட்டாரு. பீட்டி சாருலா, உத்தரவுன்னா உத்தரவுதான். கிளிக். அட்டென்ஷன்ல நிக்க போலீசு மாதிரி ஒரு படம். விடலாம்னேன், விட்டாரு. மறுபடி கேமராவ தூக்குனேன், மறுபடி வாயி அதையே சொல்லுது. கிளிக். விடலாம். "நெஞ்சு எக்ஸ்ரேயும் சேத்து எடுக்கியா எப்சி"ன்னு கேட்டாரு, கேட்டவரு சிரிக்கல, நானும் சிரிக்கல. முந்தி மாதிரி இருந்தா இந்தப் பேச்சுக்கு நான் சிரிச்சு உருண்டிருப்பேன். இந்த மனுசன் பேசுனா சிரிக்காம இருக்க முடியாது, எங்க கல்யாணத்துல பாஸ்டரு ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்கும்போது தாடிய இழுத்து விடுத மாதிரி ஒரு மூஞ்சி காட்டுனாரு பாருங்க, நான் முக்காட்டுக்குள்ள குலுங்குனத பொண்ணு அழுதுன்னு எங்க அத்தை கண்ணத் தொடைச்சு விட்டா. தலைமையாசிரியரு மாதிரி, கறிக்கடைக்காரரு மாதிரி, எங்க அம்மை மூக்குக்கண்ணாடி வழியா ரேசன் கார்டு பாக்க மாதிரி, அந்த முகத்துல ஊரே குடியிருந்தது. அதனாலதான், அதனாலதான அன்னைக்கு அப்படி ஆச்சு, அத நெனைக்கக் கூடாது, இப்ப நெனைக்கக் கூடாது, படத்தப் பாரு, ஃபோகஸ் கண்ணுல இருக்கான்னு பாரு, கண்ணுல ஒரு பொட்டு வெளிச்சம் இருக்கணும்னு மிர்னா தலையில அடிச்சுச் சொல்லிருக்கா, அது இல்லேன்னா கண்ணுக்கு உசிரு இருக்காதாம்.

வலது கண்ணுல பொட்டு இருக்கு. இடது கண்ணுல இல்ல. நிழலுக்குள்ள போனதுனால அது ஒரு குழி மாதிரி கெடக்கு. பெருசாக்கிப் பாக்கேன், குழிதான். செத்தவங்க கண்ண நான் பாத்திருக்கேன், ஆஸ்பத்திரில இருக்கவளுக்கு அது புதுசு இல்ல, அது இப்படித்தான் இருக்கும், வெளிச்சத்த வாங்காது. ஐயையே, என்ன நெனைப்பு இது, வாயக் கழுவணும். இருட்டுப் பக்கம் சாத்தி வச்சிருக்க வெள்ளைத் தெர்மாகோல் அட்டைய கொஞ்சம் கிட்டக் கொண்டுபோயி வெளிச்சத்தைத் திருப்பி விட்டா அந்தக் கண்ணுலயும் கொஞ்சூண்டு பொட்டு வரும், ஆனா கன்னமும் தெரிஞ்சுரும், கன்னம் தெரியாம கண்ணு மட்டும் எப்படித் தெரியும், தெர்மாகோல நவுத்துதேன், கன்னம் வருது, திரும்ப நவுத்துதேன், கண்ணு போகுது. இப்படியே அஞ்சு நிமிசம் போச்சு. அவரு அசையாம உக்காந்திருக்காரு. அந்த இடது கண்ணுக்கு அவரு தினமும் படுக்கப் போகும்போது சொட்டு மருந்து விடணும், மூடாத கண்ணு காஞ்சு போயிரும்லா, விட்டு, காகிதப் பிளாஸ்திரி ஒட்டி மூடிக்கிடணும். என்னைய விடச் சொல்ல மாட்டாரு. குளியலறைக் கண்ணாடி முன்னால அவரே விட்டுக்கிடுவாரு. பிளாஸ்திரி கிழியுத சத்தம் மட்டும் எனக்குக் கேக்கும். ஊருல உள்ளவன் கண்ணுக்கெல்லாம் நான் மருந்து விட்டிருக்கேன், என் புருசன் கண்ணுக்கு விட எனக்குக் குடுத்து வைக்கல. ஏன்னு எனக்குத் தெரியும். நான் சிரிச்சுட்டேன்.

ஆமா, சிரிச்சேன், அத எத்தனை தடவை சுத்திப் போனாலும் அங்கனதான் வந்து முட்டுது. அன்னைக்குக் காலைல பல்லு வெளக்கிட்டு வந்தாரு, வாய்க் கொப்பளிச்ச தண்ணி இடது ஓரமா ஒழுகிச் சட்டைல வடியுது, வாய் ஒரு பக்கமா போயிருக்கு, ஒரு கண்ணு மூடுது ஒரு கண்ணு முழிக்கு, எப்சி இங்க பாரேன்னு கூப்பிடுதாரு, வார்த்தை குழறுது. நான் இட்லித் தட்ட கைல வச்சுக்கிட்டு திரும்பிப் பாத்தேன். பாத்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துட்டு. எங்க சித்தப்பா போதைல பேசுத மாதிரி பண்ணிக் காட்டுதாருன்னு நெனச்சேன். "காலங்காத்தால என்ன கோட்டித்தனம்"னு சொல்லிச் சிரிச்சேன், சிரிச்சதுல இட்லி ஒண்ணு கீழ விழுந்து உருண்டது, அதுக்கும் சேத்து சிரிச்சேன், அவரும் என்னையப் பாத்துச் சிரிச்சாரு, அந்தப் பக்கமா இழுத்துக்கிட்டுப் போன சிரிப்பு, அதப் பாத்து இன்னும் சிரிச்சேன். பஸ்சுக்கு நேரமாச்சுன்னு கெளம்பிப் போயிட்டேன். பஸ்சுலயும் நெனச்சு நெனச்சு சிரிச்சுக்கிட்டே போனேன். எத்தனை முகவாதம் பாத்தவ நான். வேற யாரும்னா வாசல்ல நிக்கும்போதே சொல்லிருப்பேன். அவரு அந்த முகத்தோட பள்ளிக்கூடம் போயி, பிரேயருக்கு விசிலு ஊதிருக்காரு, காத்து ஓரமா போயிருச்சு, சத்தமே வரல, பிள்ளைகள்லாம் சிரிச்சிருக்கு, பொறவு கையத் தட்டி வரிசைல நிப்பாட்டிருக்காரு. அன்னைலேர்ந்து விசிலு மேசை டிராயருக்குள்ள போயிட்டு. மத்தியானம் ஆஸ்பத்திரில நான் கதவத் திறந்து அடுத்து யாருன்னு கேக்கேன், சீட்டப் பிடிச்சுக்கிட்டு இவரு நிக்காரு. ஸ்கேன் எடுத்துட்டு, நெஞ்சுப் படத்துக்கு என் ரூமுக்கு அனுப்பிருக்காங்க. என் மூஞ்சி எப்படி இருந்திருக்கும்னு எனக்குத் தெரியாது. மூச்ச இழுத்துப் பிடிங்கன்னு சொன்னேன், விடலாம்னு சொல்ல எனக்குக் குரலே வரல, அவரு பிடிச்சுக்கிட்டே நின்னாரு, பக்கத்து ரூம்லேர்ந்து வந்தவன் சொல்லித்தான் விட்டாரு. அன்னைலேர்ந்து ஒரு நாளு, ஒரு நாளு கூட நான் அவரு முகத்தப் பாத்துச் சிரிச்சது கெடையாது. அவரு என்ன சொன்னாலும் பல்லக் கடிச்சு அடக்கிக்கிடுவேன். அந்தத் தண்டனைய எனக்கு நானே குடுத்துக்கிட்டேன்.

"காட்டு, பாப்போம்"ங்காரு. எடுத்ததுல இது தேவலாம்னு ஒண்ண எடுத்துக் காட்டுதேன். பாதி முகம் வெளிச்சத்துல, வலது கன்னத்துச் சுருக்கம் ஒண்ணொண்ணும் தெளிவா, பாதி முகம் இருட்டுல. மிர்னாகிட்ட அனுப்புனா பத்துக்கு எட்டு போடுவா. அவரு மூக்குக் கண்ணாடியத் தேடி மாட்டி, கேமராவ ரெண்டு கையாலயும் பிடிச்சு, ரொம்ப நேரம் பாத்தாரு. நல்லா எடுத்திருக்கன்னாரு. பாதி ஆளு போதும்லா, மீதிப் பாதிய வச்சு அவங்க என்ன பண்ணப் போறாங்கன்னு சொல்லி, இதையே அனுப்பிருன்னு கேமராவ என் கைல குடுத்துட்டாரு. கோவமா சொல்லல. கோவமா சொன்னாக்கூட பரவால்ல. காரியம் முடிஞ்சாச்சு, வெள்ளிக்கிழமை மேடைக்குப் போவாரு, நாற்காலி சும்மா கெடக்காது, மணி பத்தே முக்கால், போன்ல ஏத்தி அனுப்பிட்டா வேலை தீந்தது, எனக்கு ஏன் கை வரமாட்டேங்கு. எந்திரிக்கப் போறாரு. எந்திரிச்சா திரும்ப உக்கார மாட்டாரு. கேமராவ மறுபடி கண்ணுல வச்சுக்கிட்டேன், எடுக்கதுக்கு இல்ல, மூஞ்சிய மறைச்சுக்கிடுததுக்கு. அது பின்னால நின்னுக்கிட்டு, ரெண்டு வருசமா சொல்லாததச் சொல்லிட்டேன்.

"அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாதுங்க."

என்னைக்குன்னு அவரு கேக்கல. எனக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்குன்னு நெனச்சிருந்தேன், கோட்டிக்காரி. லென்சு வழியா பாக்கேன், அவரு நேரா என்னையப் பாக்காரு, நேரான்னா நேரா, ரெண்டு கண்ணும், ரெண்டு கன்னமும். அப்பத்தான் ஒறைக்கு, உக்காந்ததுலேர்ந்து நான் எப்பல்லாம் கேமராவ முகத்துல வச்சேனோ அப்பல்லாம் இவரு திரும்பிப் பாத்துக்கிட்டேதான் இருந்திருக்காரு, நான்தான் அந்தப் பக்கமா, இந்தப் பக்கமான்னு திருப்பித் திருப்பி விட்டிருக்கேன்.

"நீ சிரிச்சதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல எப்சி. அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் நான் பயப்படவே இல்ல தெரியுமா. எப்சி சிரிச்சுட்டுத்தான போனா, அப்ப பெருசா ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சுக்கிட்டேதான் பள்ளிக்கூடத்துல இருந்தேன். பொறவு நீ அந்தக் கதவத் திறந்து ஒரு மூஞ்சி காட்டுன பாரு. அப்பத்தான் எனக்குச் சங்கு ஊதியாச்சுன்னு நெனச்சேன். அந்த மூஞ்சிய நீ இன்னும் மாத்தல. அதப் பாக்க முடியாமத்தான் நான் திரும்பிக்கிட்டேன்."

இந்த மனுசன் என்ன சொல்லுதாரு. நான் சிரிச்சேன்னு மூஞ்சிய மறைக்காருன்னு நான் நெனச்சு, இவரு மறைக்காரேன்னு நான் சிரிக்காம இருந்து, நான் சிரிக்கலேன்னு இவரு திரும்பி, இவரு திரும்புதாரேன்னு நான் மெதுவாப் பேசி, அட சவமே, ரெண்டு வருசம், எழுநூறு நாளு, கட்டிலு மாறி, நாற்காலி மாறி. மெதுவாப் பேசுததும் அவருக்குப் பிடிக்கலையாம். முகம் இப்படி ஆன புதுசுல அவரு அக்கா மக கல்யாணத்துல போட்டோ எடுத்தவன், சார் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுங்கன்னு குரல எறக்கிச் சொன்னானாம், அவன அறையணும்போல இருந்ததாம், இன்னைக்கு நீயும் அதே குரல்ல சொன்ன, அறைய முடியாதேன்னு திரும்பிக்கிட்டேன்னு சொல்லுதாரு. எக்ஸ்ரே ரூம்ல சனத்த அதட்டுவியே, அப்படி அதட்டிச் சொல்லு, ஒழுங்கா உக்காருதேன்ங்காரு. என் கண்ணு கேமராவுக்குப் பின்னால ஒழுகுது, கேமராக் கண்ணாடி பூரா ஆவி. சேலைத் தலைப்பால தொடைச்சேன். தொடைச்சுட்டு, தொண்டையச் செருமிக்கிட்டு, வார்டு பூரா கேக்க மாதிரி, "இப்படி மசமசன்னு உக்காந்தா எப்படிப் படம் எடுக்க, ஸ்டூலத் திருப்பிப் போடுங்க"ன்னேன். போட்டாரு. நான் கேட்டதுக்கும் மேல திருப்பி, இடது கன்னத்த ஜன்னலுக்குக் குடுத்து, நான் சுத்திப் போயி எதிர்ல நிக்கவும் முகத்த நேரா எனக்குக் குடுத்து உக்காந்தாரு. வேட்டி இன்னும் தொங்குது, அதுல வெளிச்சம் ஊறி ஊறி எறங்குது.

ஏ அப்பா. இந்தக் கன்னத்தையா நான் இருட்டுல போட்டேன். வலப்பக்கம் நெத்தில ஏழு கோடு, கண்ணு ஓரத்துல நாலு, வாயோரத்துல வாய்க்கா வெட்டுன மாதிரி ஒண்ணு. இடப்பக்கம் ஒரு கோடு கெடையாது. வழவழன்னு, கல்யாணத்தன்னைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கு. சுருக்கம் விழுகதுக்கும் நரம்பு இழுக்கணும்லா, அது ஓஞ்சு கெடந்ததுல வயசாக மறந்துட்டு. ஒரே ஆளுல பாதிக்கு அறுபது, பாதிக்கு முப்பது. இதச் சொன்னா, அப்ப ஒனக்கு எந்தப் புருசன் வேணும்னு கேப்பாரு. அந்தக் கண்ணு, மூடாத கண்ணு, அதுல எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கும், இந்தா பாருங்க, ஜன்னலே முழுசா அதுக்குள்ள எறங்கி நிக்குது, வேட்டி, கம்பி, கிளிப்பு எல்லாம் தெரியுது. மிர்னா கேட்ட பொட்டு என்ன பொட்டு, இது தெப்பக்குளம். வலது கண்ணு கூட இவ்வளவு உசிரோட இல்ல. நான் இதப் பாக்காம எங்க பாத்துக்கிட்டு இருந்தேன்.

வெளிச்சம் போகப் போகுது, வெரசா எடுக்கணும், விரலு பட்டன்ல இருக்கு, வாயி தன்னால, "மூச்ச நல்லா இழுங்க, பிடிங்க"ன்னுட்டு. அவரு இழுத்தாரு, சும்மா இழுக்கல, கன்னம் ரெண்டையும் பலூன் மாதிரி உப்பிக்கிட்டு, கண்ண உருட்டி, எங்க ஆஸ்பத்திரி சூப்பரின்டென்டென்ட் கோவப்படுத மாதிரி ஒரு மூஞ்சி. பிடிச்சுக்கிட்டு இருக்காரு. எனக்கு வயித்துக்குள்ள எதோ குலுங்க ஆரம்பிக்கு. அடக்கணும், பழக்கம், பல்லக் கடி, அசையக் கூடாது. இடது ஓரமா காத்து கசியுது, புர்ர்ர்னு, சைக்கிள் டியூப்ல ஓட்டை விழுந்த மாதிரி பைய ஒரு சத்தம், அவரு பிடிக்கப் பாக்காரு, அது நிக்கமாட்டேங்கு, உதடு ஒரு பக்கம் மட்டும் படபடன்னு அடிக்கு, அவருக்கே அதக் கேட்டுச் சிரிப்பு வந்துட்டு. எனக்குப் பொத்துக்கிட்டு வந்துச்சு. இட்லி விழுந்த அன்னைக்கு மாதிரியே, வயித்தப் பிடிச்சுக்கிட்டு, சத்தம் போட்டு, அழுகையும் சேந்து, கேமரா ஆடுது, விரலு எப்ப அமுக்குச்சுன்னு தெரியாது, கிளிக், கிளிக், கிளிக். "விடலாம், விடுங்க, மூச்ச விடலாம்"னு கத்துதேன், அவரு எப்பவோ விட்டாச்சு.

எக்ஸ்ரேல மூச்சப் பிடிக்கும்போது எடுத்தாத்தான் படம். மூச்ச விட்டா எல்லாம் கலங்கிரும், குப்பைத் தொட்டிக்குப் போகும். அந்த மூணு படத்துல ரெண்டு அப்படித்தான் கலங்கிப் போச்சு. மூணாவது கொஞ்சம் சாஞ்சிருக்கு, ஓரத்துல கிளிப்பு தெரியுது, வேட்டிக் கரை தெரியுது. நடுவுல இந்த மனுசன், சிரிப்பு வலது பக்கமா போயிருக்கு, இடது கண்ணுல ஜன்னலு நிக்குது, பாதி கெழவன், பாதி மாப்பிள்ளை, முழு ஆசீர்வாதம். அவரு மூக்குக் கண்ணாடி மாட்டிப் பாத்தாரு. இது யாரு, கண்ணாடில பாக்க ஆளு மாதிரியே இல்லியேன்னாரு, கண்ணாடில எடம் வலம் மாறித் தெரியும், இதுதான் நாங்க பாக்க முகம்னேன். ஓ, நீங்க பாக்கது இதானான்னு இன்னொரு தடவை பாத்தாரு. அனுப்புன்னாரு. பதினொண்ணு அஞ்சு, ஜன்னல்ல வெளிச்சம் மங்கியாச்சு, நான் போன்ல ஏத்தி, கரண்ட் இருக்க ஜங்ஷன் பக்கத்து ஃபிளக்ஸ் கடைத் தம்பிக்கே நேரா அனுப்பிட்டேன்.

வேட்டிய எறக்கி மடிச்சுக்கிட்டு இருக்கும்போது போன் முனகுது. தம்பி எழுதிருக்கான். மேடம், சாருக்கு முகம் ஒரு பக்கம் ஒரு மாதிரியும் இன்னொரு பக்கம் ஒரு மாதிரியும் இருக்கு, கம்ப்யூட்டர்ல ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல சரி பண்ணிடட்டுமா, கலரும் கொஞ்சம் தூக்கி விட்டுருதேன். பாவம், நல்ல பிள்ளை, உபகாரமாத்தான் கேக்கான். எனக்கு வாசிச்சுக் காட்டவா வேண்டாமான்னு இருக்கு. ரெண்டு வருசத்துப் பழக்கம் உடனே எங்க போகும், குரல எறக்கத்தான் வருது, மறைக்கத்தான் வருது. ஒரு நிமிசம் போன இடுப்புல சொருகிக்கிட்டு நின்னேன். பொறவு எடுத்து, சத்தமாவே, ஒரு எழுத்து விடாம வாசிச்சேன்.

கேட்டுக்கிட்டு, நல்லா யோசிக்க மாதிரி தாடையத் தடவுனாரு. "எந்தப் பக்கம் மாதிரி பண்ணப் போறான்னு கேளு"ன்னாரு.

ஒண்ணும் பண்ண வேண்டாம் தம்பி, அப்படியே போடுங்கன்னு எழுதணும். எழுத்து தெரியல, கண்ணு பூரா தண்ணி. நான் சிரிக்கேன். அவரு முகத்தத் திருப்பிக்கல.